பார்வையற்றோரும் விசைப்பலகையும்

ஊரைவிட்டுத் தொலைவில் வாழ்வோருக்குக் கடிதத்தின் அருமையை எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர், தபால்காரர் வரவுக்காக வாயிற்படியில் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. இன்று அந்த இடத்தைக் கைப்பேசிச் செய்தி பிடித்துக்கொண்டது. எனினும், நாம் எழுதுவதை எழுதியவரும் பெறுபவருமன்றி மூன்றாமவர் அறியலாகாது என்னும் விருப்பம் மட்டும் மாறவில்லை. பார்வையற்றோருக்கு இவ்விருப்பம் நெடுங்காலம் கைகூடாமலே இருந்தது. அவர் சொல்லப் பிறர் எழுதவேண்டும். வந்த மடலையும் பிறரே படித்துக் காட்டவேண்டும். மனத்தின் மறைவான செய்தி யாவும் இன்னொருவர் காதுக்குச் சென்ற பின்னரே உரியவரை அடைந்தது. இந்நிலையை மாற்றிய கருவிகளுள் தலையாயது, விரலால் தடவி அறியத்தக்க விசை. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

தட்டெழுத்துப் பொறி அலுவலகங்களுக்காகவே தோன்றியது என்று பலரும் கருதுவர். ஆனால் அதன் முன்னோடிகளுள் ஒன்று, பார்வையிழந்த பெண்மணி ஒருவருக்காக இத்தாலியில் உருவானதாகும். பெல்லெக்ரீனோ தூர்ரி என்பவர் கரோலினா ஃபான்டோனி என்னும் சீமாட்டிக்கு அதனை அமைத்துக் கொடுத்தார். 1808ஆம் ஆண்டு முதல் அவ்வம்மையார் அப்பொறியில் அடித்த கடிதங்கள் சில, ரெஜியோ எமிலியா நகரின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. பொறி மறைந்துவிட்டது, தம் கையாலேயே எழுதிய கடிதங்கள் நிலைத்துவிட்டன.

பிரான்சு நாட்டின் லூயி பிரெய்ல், ஆறு புள்ளிகளால் அமைந்த தம் எழுத்துமுறையை 1829இல் நூலாக வெளியிட்டார். அம்முறையில் ஊசிகொண்டு ஒவ்வொரு புள்ளியாகத் தாளில் குத்தவேண்டும். அதுவும் வலமிருந்து இடமாக, கண்ணாடிப் பிம்பம்போல். இவ்வருத்தத்தைக் குறைத்தவர் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலப் பார்வையற்றோர் பள்ளியின் தலைவராயிருந்த ஃபிராங்க் ஹால். 1892இல் அவர் அமைத்த பொறியில் புள்ளிக்கு ஒன்றாக ஆறு விசைகள் இருந்தன. வேண்டிய விசைகளை ஒருசேர அழுத்தினால் ஓர் எழுத்து விழும். இதே கருத்தைச் செம்மைப்படுத்தி, பெர்கின்ஸ் பள்ளியின் ஆசிரியர் டேவிட் ஆபிரகாம் வடிவமைத்த பொறி 1951இல் வெளிவந்தது.

அதே 1951ஆம் ஆண்டு நம் நாட்டிலும் ஒரு நற்செயல் நிகழ்ந்தது. அதுவரை வட்டாரத்துக்கு ஒன்றாக வழங்கிய புள்ளிமுறைகளை விடுத்து, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்டது. ‘க’ என்னும் ஒலிக்குத் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் முதற்புள்ளியும் மூன்றாம் புள்ளியுமே குறியீடு. நாகபுரியில் வளரும் பார்வையற்ற தமிழ்க் குழந்தை, பள்ளியில் இந்தி பயின்ற அதே விரலால் தாய்மொழியையும் தொட்டுவிடலாம். ழகரம் போன்ற சிலவற்றை மட்டும் தனியே கற்கவேண்டும். வெளிமாநிலத்தில் பிள்ளைகளை வளர்ப்போருக்கு இதன் பயன் நன்கு விளங்கும்.

கைப்பேசி வந்தபோதும் விசையே துணைநின்றது. எண்பலகையின் நடுவே உள்ள 5ஆம் விசையின்மேல் ஒரு சிறு மேடு இருக்கும். அதனைத் தொட்டறிந்தால் மற்ற எண்களின் இடம் தானே புலப்படும். ஆங்கில விசைப்பலகையில் எஃப், ஜே என்னும் இரண்டெழுத்தின்மேல் உள்ள கோடுகளும் இத்தகையனவே. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் டாக்ஸ், மொபைல் ஸ்பீக் முதலிய மென்பொருள்கள், நோக்கியா கைப்பேசிகளின் திரையிலிருந்ததைக் குரலாக ஒலித்தன. விரல் அழுத்தியது, காது சரிபார்த்தது, இடையே மூன்றாமவருக்கு வேலையில்லாமற் போயிற்று.

2007இல் ஐஃபோன் வெளிவந்தது. அதன் முகம் முழுதும் வழவழப்பான கண்ணாடி. மேடுமில்லை, பள்ளமுமில்லை, விரல் எதனைக்கொண்டு வழியறியும்? 2009இல் அந்நிறுவனமே வாய்ஸ்ஓவர் என்னும் வசதியைச் சேர்த்து இதற்கு விடையளித்தது. விரல் நகருமிடத்தில் உள்ளதைக் குரல் கூறும். இருமுறை தட்டினால் அது இயங்கும். அவ்வாண்டே ஆண்ட்ராய்டிலும் டாக்பேக் என்னும் மென்பொருள் வந்தது. ஆனால் அதனைப் பயன்படுத்த அம்புவிசையோ உருள்குண்டோ இன்றியமையாததாயிருந்தது. தொட்டுத் துழாவி அறியும் வசதி 2011இல்தான் அதில் அமைந்தது. இடைப்பட்ட காலத்தில் விசையுள்ள திறன்பேசியே பார்வையற்றோருக்கு உதவியது.

இம்முயற்சியில் ஈடுபட்டவர்களுள் டி. வி. இராமன் குறிப்பிடத்தக்கவர். புனேயில் வளர்ந்து, 14ஆம் வயதில் பார்வையை முற்றும் இழந்த அவர், மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்றார். கணிதச் சூத்திரங்களைக் கணினி ஒலித்துக்காட்டும் முறைக்காக 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். பின்னர் கூகுளில் அவரும் துணைவரும் ஒரு நுட்பம் கண்டனர். கண்ணாடியில் விரல் முதலில் படும் இடம் எதுவாயினும் அதுவே 5. அங்கிருந்து மேலே நகர்த்தினால் 2, கீழே நகர்த்தினால் 8. மேடு போனாலென்ன, விரல் வைத்த இடமே மேடாயிற்று! 2014இல் ஐஃபோனிலும் 2020இல் ஆண்ட்ராய்டிலும் பிரெய்ல் விசைகள் கண்ணாடிமேல் இடம்பெற்றன. ஃபிராங்க் ஹாலின் ஆறு விசைகள் மீண்டும் உயிர்பெற்றன எனலாம்.

இதனால் உண்மையான விசைக்கு வேலை தீர்ந்ததா? இல்லை. நீண்ட மடல் எழுதுவோர் இன்றும் தனி விசைப்பலகையைக் கம்பியின்றித் திறன்பேசியோடு இணைத்துக்கொள்கின்றனர். ஆனால் கைப்பேசியிலேயே விசைப்பலகை அமைந்த வகைகள் சந்தையில் அருகிவிட்டன. பெரும்பாலோர் கண்ணாடியை விரும்பினர். சிறுபாலோர் தேவை பின்தங்கிற்று. ஒரு பொருளைச் செய்து முடித்த பின்னர் பார்வையற்றோரை நினைப்பதற்கும், செய்யும்போதே நினைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வரலாறு காட்டுகின்றது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அன்றாட மின்னணுப் பொருள்கள் அனைவரும் பயன்படுத்தத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கின்றது. 2025 ஏப்ரல் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. சட்டமும் தீர்ப்பும் வழிகாட்டும். வீட்டுக்குள் செய்யவேண்டியதோ நம் கையில் உள்ளது. முதுமையால் பார்வை மங்கிய பெற்றோர் ஊரிலிருப்பின், அவர்தம் செய்திகளைப் படித்துச் சொல்லப் பக்கத்து வீட்டாரை ஏவுவதோடு நின்றுவிடலாகாது. அடுத்த விடுமுறைக்குச் செல்லுங்கால் குரல்வசதியை இயக்கிக் காட்டி, அவர் விரலே அதனைப் பழகும்வரை உடனிருப்போம். அதன்பின் அவரிடமிருந்து வரும் முதற்செய்தியில் எழுத்துப் பிழை மலிந்திருக்கலாம். ஆனால் அது முழுதும் அவருடைய செய்தியாக இருக்கும்.