பிரசவ அறையில் காமிரா

ஆண்மக்கள் பிரசவ அறையின் வாசற்படியைத் தாண்டலாகாது என்ற கட்டுப்பாடு ஏதோ ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லாத் தேசங்களிலும் இருந்து வந்ததுதான். அமெரிக்காவில் அது தளர்ந்த வரிசையைப் பார்த்தால், முதலில் வைத்தியர் நுழைந்தார், வெகுகாலம் கழித்துக் காமிரா நுழைந்தது, பிள்ளை பெறுகிறவளின் கணவனோ காமிராவுக்கும் பின்னால், 1960களிலும் 1970களிலும்தான் பரவலாக உள்ளே விடப்பட்டான். உரிமையுள்ளவன் வெளித் தாழ்வாரத்தில் உலாவிக்கொண்டிருக்க, அந்நியன் ஒருவனுடைய இயந்திரம் உள்ளே நின்றது எப்படி என்றால், அதற்குச் சம்மதம் கொடுத்தவர் வைத்தியர் என்பதே விடை. இந்தக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் லென்ஸையும் பிலிமையும் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். சம்மதம் யார் கையில் இருந்தது, காமிரா அறையில் எந்தப் பக்கம் நின்றது என்ற இரண்டையும் விட்டுவிட்டால் அதன் சரித்திரம் விளங்காது என்பது என் அபிப்பிராயம்.

1938-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதியிட்ட ‘லைஃப்’ பத்திரிகை, ‘ஒரு குழந்தையின் பிறப்பு’ என்ற திரைப்படத்திலிருந்து சிறு சிறு படங்களை எடுத்து வெளியிட்டது. தாய்மார் நலனுக்காக வைத்தியர்கள் அமைத்த குழுவொன்றின் ஆதரவில், பொதுஜன போதனைக்கென்றே எடுக்கப்பட்ட படம் அது. விரசம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் பத்திரிகைக்காரர்கள் சந்தாதாரர்களுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி எச்சரித்ததோடு, வேண்டாதவர்கள் பிய்த்தெடுத்துவிடட்டும் என்று அந்தப் பக்கங்களை இதழின் நட்டநடுவில் வைத்துக் கட்டினார்கள். இவ்வளவு ஜாக்கிரதையும் போதவில்லை. பல நகரங்களில் அந்த இதழ் தடை செய்யப்பட்டது. பத்திரிகையின் பிரசுரகர்த்தரான ராய் லார்சன் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதிக்குச் சென்று, துப்பறியும் போலீஸ்காரர் ஒருவருக்குத் தம் கையாலேயே ஒரு பிரதியை விற்று, வேண்டுமென்றே கைதாகி, நியாயஸ்தலத்தில் வழக்காடி விடுதலை பெற்றார். அந்த வாதப் பிரதிவாதங்களில் வைத்தியர் பேசினார், மதத் தலைவர் பேசினார், வக்கீல் பேசினார். படத்தில் இருந்த தாய் என்ன நினைத்தாள் என்று கேட்டதாக மட்டும் தெரியவில்லை.

அக்காலத்துப் படங்கள் பெரும்பாலும் வைத்தியர் நிற்கும் இடத்திலிருந்தே எடுக்கப்பட்டதற்கு மனப்பாங்கு ஒரு காரணமென்றால், வெளிச்சம் மற்றொரு காரணம். அறையில் பலமான விளக்கு ஒன்றுதான். அது வைத்தியரின் கைகளுக்காக அமைந்தது, தாயின் முகத்துக்காக அன்று. போதாத வெளிச்சத்தை வெளியிலிருந்து கொண்டுபோகலாம் என்றாலோ அதிலும் விபரீதம் இருந்தது. 1887-இல் ஜெர்மனியில் வழக்குக்கு வந்த மெக்னீசியப் பொடி, படீரென்று வெடித்து, அறை முழுவதும் வெண்புகையைக் கக்கும். 1930-ஐ ஒட்டி வந்த பிளாஷ் பல்பு புகையைப் போக்கியதே தவிர, பளிச்சென்ற அதிர்ச்சியைப் போக்கவில்லை. சில சமயம் கண்ணாடி தெறிப்பதும் உண்டு. அந்த நாளில் மயக்கத்துக்குக் கொடுத்த ஈதரும் சைக்ளோபுரோப்பேனும் ஒரு தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் வஸ்துக்கள். ஆகவே பிரசவ அறையில் எந்த விளக்கைக் கொண்டுவருவது என்ற கேள்வி ரசனையைப் பற்றியதாக இருக்கவில்லை. உயிர்களைப் பற்றியதாக இருந்தது. வர்ணப் படமோ இன்னும் எட்டாக்கனி. 1936-இல் சிறுகாமிராவுக்கு வந்த கோடாக்குரோம் பிலிமின் வேகம் இன்றைய கணக்கில் பத்தையே ஒட்டியது, நல்ல வெயிலில்தான் அது ஒழுங்காக வேலை செய்யும்.

1946-இல் புகைப்படக்காரர் வெய்ன் மில்லர் தம் மகன் பிறந்தபோது எடுத்த படம் இத்தனை இடையூறுகளுக்கிடையே ஒரு விசேஷமான சந்தர்ப்பத்தால் கிடைத்தது. பிரசவம் பார்த்தவர் மில்லரின் தகப்பனார். பேரனைக் கையில் ஏந்தியவர் தாத்தாவே. முகத்திரையும் கையுறையும் அணிந்த வைத்தியர், கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிய ஈரக் குழந்தை, இன்னும் அறுபடாத தொப்புள்கொடி, இவையே படம். சம்மதம் குடும்பத்துக்குள்ளேயே முடிந்த காரியமாதலால் அதைப் பற்றி யாரும் குறை சொல்ல இடமில்லை. எனினும் அந்தப் படத்தில் தாயின் முகம் இல்லை. 1955-இல் எட்வர்ட் ஸ்டைக்கன் நியூயார்க்கில் அமைத்த ‘மனிதக் குடும்பம்’ என்ற கண்காட்சியில் அது இடம்பெற்று, இந்திய நகரங்கள் உட்பட உலகமெல்லாம் சுற்றியது. 1977-இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்கத் தட்டிலும் பதிக்கப்பட்டது.

காமிராவை மெத்தைக்கு மறுபக்கம் நகர்த்தியவர் என்று நான் கருதுவது புகைப்படக்காரர் டபிள்யூ. யூஜின் ஸ்மித்தை. 1951 டிசம்பர் 3-ஆம் தேதி ‘லைஃப்’ வெளியிட்ட அவருடைய கட்டுரை, தென் கரோலினா மாகாணத்தின் பைன்வில் என்ற குக்கிராமத்தில் வேலை செய்த மாட் காலென் என்ற கறுப்பின மருத்துவச்சியைப் பற்றியது. 1923-இல் அங்கே வந்து சேர்ந்த அந்த அம்மாள், ஆஸ்பத்திரியும் நல்ல பாதையும் இல்லாத, சதுப்பும் காடுமான சுமார் 400 சதுர மைல் பரப்பில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்ததோடு, பிற மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் அளித்துவந்தார். ஸ்மித் ஒரு நாள் வந்து படமெடுத்துக்கொண்டு போகிறவர் அல்லர். 1948-இல் கொலராடோவின் கிராம வைத்தியர் ஒருவரைப் படமெடுக்கப் போனபோது, ஆள் பழக வேண்டுமென்று முதலில் பிலிமே போடாத காமிராவைக் கண்ணில் வைத்துச் சொடுக்கிக்கொண்டிருந்தார் என்று சொல்லப்படுகிறது. காலெனிடமும் வாரக்கணக்கில் கூடவே சுற்றினார்.

கட்டுரை ஒரு பிரசவத்தோடு தொடங்குகிறது. முதல் பிள்ளை பெறும் இளம்பெண் வலியில் புரள்கிறாள். மருத்துவச்சியின் கைகள் அவளைத் தாங்குகின்றன. எளிய மரவீட்டின் இருண்ட சுவர்கள் பின்னால் நிற்கின்றன. எதுவும் கழுவித் துடைத்த ஆஸ்பத்திரி வெண்மையில் இல்லை. படம் அச்சிடும்போது பெர்ரிசயனைடு கரைசலைத் துளித்துளியாகத் தொட்டு வேண்டிய இடத்தில் மட்டும் வெளுக்க வைக்கும் வித்தையில் ஸ்மித் கைதேர்ந்தவர். இருட்டுக்குள்ளிருந்து முகங்களும் கைகளும் எழுந்து வருவது போன்ற அவருடைய அச்சுகளின் தோற்றத்துக்கு அந்த இருட்டறை உழைப்பும் காரணம்.

கட்டுரையைப் படித்த வாசகர்கள் கேளாமலே பணம் அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான டாலர் சேர்ந்து, 1953-இல் காலெனின் பெயரால் ஒரு வைத்தியசாலை எழுந்தது. இதைச் சொல்லிவிட்டு, எல்லாம் சுபமாக முடிந்தது என்று நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நிறபேதம் சட்டமாகவே இருந்த நாட்டில், ஏழைக் கறுப்புப் பெண்ணொருத்தியின் வீட்டுக்குள் பெரிய பத்திரிகையின் வெள்ளைக்காரப் புகைப்படக்காரர் வந்து நின்றால், ‘வேண்டாம்’ என்று சொல்லும் சுதந்திரம் அவளுக்கு எவ்வளவு இருந்திருக்கும்? அவர் மரியாதையோடு நடந்துகொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வாரக்கணக்கான பொறுமையே அதற்குச் சாட்சி. ஆனால் படமெடுப்பவனுடைய மரியாதை வேறு, படமாகிறவளுடைய உரிமை வேறு.

மற்றொரு புகைப்படக் கலைஞரான ஈவ் ஆர்னால்ட், தாமே ஒரு சிசுவை இழந்த துக்கத்துக்குப் பின் 1959-இல் நியூயார்க் அருகே போர்ட் ஜெபர்சன் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளின் முதல் ஐந்து நிமிஷங்களைப் படமெடுத்தார். பிரசவம் நடக்கும் இடத்தைக் காட்டாமலே பிரசவத்தைச் சொல்ல முடியும் என்பதற்கு, தாயின் விரலைச் சிசுவின் கை பற்றியிருக்கும் அவருடைய படம் ஒன்றே போதும்.

இதற்குள் கருவிகளும் மாறிவிட்டன. 1954-இல் வந்த லைக்கா எம்3 காமிராவில் கண்ணாடி எழும்பி விழும் ஓசை கிடையாது, துணித்திரை ஷட்டர் மெல்லச் சொடுக்கும். அதே ஆண்டில் சிறுகாமிராவுக்கு வந்த டிரை-எக்ஸ் பிலிம் பிளாஷ் இல்லாமலே ஒப்பேற்றியது. (அதன் வேகம் 1960-இல் 200-லிருந்து 400 ஆயிற்று என்பார்கள்; மாறியது அளவு முறையே தவிரப் பிலிம் அன்று.) 1966-இல் எஃப் 1.2 துவாரமுள்ள நாக்டிலக்ஸ் லென்ஸும் வந்தபின், அறையில் உள்ள வெளிச்சமே போதும் என்று சொல்ல முடிந்தது. 1974-இல் பிரெஞ்சு வைத்தியர் பிரெடெரிக் லெபோயர், சிசுவின் தலை தெரிந்தவுடன் விளக்குகளைத் தணித்து எல்லாரும் வாய்மூடியிருக்க வேண்டும் என்று எழுதியபோது, பிளாஷ் பல்பு காலத்துக் காமிராவாக இருந்தால் அந்த அறையில் அதற்கு வேலையே இருந்திராது. அவரும் படமெடுக்கத் தெரிந்தவர். கல்கத்தாவில் ஒரு தாய் தன் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதைப் படம்பிடித்து 1976-இல் நூலாக வெளியிட்டார்.

இப்போதைய கண்ணாடியில்லாக் காமிராக்களில் மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால் ஓசையே எழுவதில்லை. அந்த மௌன ஷட்டரை நம்பிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆஸ்பத்திரியின் எல்இடி விளக்குகள் சில, கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பவை, அவற்றின் கீழ் எடுத்த படத்தில் தாயின் முகத்தின் குறுக்கே கரும்பட்டைகள் விழும். முந்தின நாள் இரவே வெற்று அறையில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுவது நலம். லென்ஸைப் பொறுத்தவரை, தாயின் தோளருகே நின்று எடுக்க 35 மில்லிமீட்டரே போதும். தூரத்திலிருந்து இழுத்துக் காட்டும் நீள லென்ஸ், நிற்கத் தகாத இடத்தில் நிற்பவனுக்கே அதிகம் பயன்படுகிறது.

சம்மதத்தின் கதைதான் இன்னும் நேராகவில்லை. தாயே பணம் கொடுத்து, தானே ஒப்பந்தம் எழுதிப் புகைப்படக்காரரை அழைத்துவரும் காலம் வந்துவிட்டது. ஆனால் அமெரிக்க ஆஸ்பத்திரிகள் சிலவற்றில், பின்னால் வழக்கு வந்தால் படம் சாட்சியாகிவிடுமே என்ற அச்சத்தால், குழந்தை பிறந்து நலமாக இருப்பது உறுதியாகும் வரை எவரும், பிள்ளையின் தகப்பன் உட்பட, காமிராவைத் திறக்கக் கூடாது என்று நிர்வாகம் விதி வகுத்திருக்கிறது.