விபத்தே இல்லைன்னா பாதுகாப்பு விருதா? லண்டன் ரயில் சுரங்கம் கற்றுத்தந்த பாடம் என்ன?

ரயில் சுரங்கம் தோண்டும் ஒரு கான்ட்ராக்ட் நிறுவனத்துக்கு பாதுகாப்பு விருது கொடுக்கிறாங்கன்னா, எதை வச்சு கொடுக்கிறாங்க? 'இந்த வருஷம் ஒரு விபத்துகூட நடக்கலை' என்ற கணக்கு மட்டும் போதுமா? லண்டனில் எலிசபெத் லைன் ரயில் பாதையைக் கட்டிய கிராஸ்ரெயில் நிறுவனம் வேறு வழியில் மார்க் போட்டது. அது எப்படி வேலை செய்தது, எங்கே சறுக்கியது? பார்க்கலாம்.

எவ்வளவு பெரிய வேலை?

2009-ல் கட்டுமானம் தொடங்கியது. 8 ராட்சத இயந்திரங்கள், லண்டன் நகருக்கு அடியில் 42 கி.மீ. நீளத்துக்கு சுரங்கம் தோண்டின. 2022 மே 24-ல் ரயில் ஓடத் தொடங்கியது.

இதில் கிராஸ்ரெயில் என்பது வேலையைக் கொடுத்த நிறுவனம்தான். தோண்டியது, கான்கிரீட் போட்டது, தண்டவாளம் பதித்தது எல்லாம் கான்ட்ராக்ட் நிறுவனங்கள். அவங்களுக்குக் கீழே சப்-கான்ட்ராக்டர்கள், பொருள் சப்ளை செய்பவர்கள். இத்தனை பேரையும் ஒரே பாதுகாப்பு விதிக்குள் கொண்டு வருவதுதான் சவால்.

'ஜீரோ விபத்து' கணக்கில் என்ன சிக்கல்?

இரண்டு சிக்கல்கள் இருக்கு.

ஒன்று, 'விபத்தே இல்லைன்னா பரிசு' என்று சொன்னால், சின்னச் சின்ன காயங்களை மறைக்கும் பழக்கம் வந்துவிடும். 'வெளியே சொன்னா நம்ம டீம் பேர் கெட்டுடும்' என்று தொழிலாளியும் வாய் திறக்க மாட்டார்.

இரண்டு, விபத்து நடக்காமல் இருந்தது வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். மேலிருந்து விழுந்த இரும்புத் துண்டு, ஆள் மேல் படாமல் ஒரு அடி தள்ளி விழுந்தால் கணக்கில் 'ஜீரோ'தான். ஆனால், ஆபத்து அங்கேயேதான் இருக்கு.

கிராஸ்ரெயில் எப்படி மார்க் போட்டது?

'டார்கெட் ஜீரோ' என்ற பெயரில் 6 அம்சங்களை வகுத்தார்கள். தலைமையும் நடத்தையும், ஆரோக்கியத்தை மனதில் வைத்த வடிவமைப்பு, தகவல் பரிமாற்றம், பணியிட ஆரோக்கியம், பணியிடப் பாதுகாப்பு, செயல்பாட்டு மேம்பாடு. இவற்றை வைத்து ஒவ்வொரு கான்ட்ராக்ட்டுக்கும் மதிப்பெண்.

இங்கே முக்கியமான விஷயம், நடந்து முடிந்த விபத்துகளை மட்டும் எண்ணவில்லை. விபத்தைத் தடுக்க முன்கூட்டியே என்ன செய்தார்கள் என்பதையும் பார்த்தார்கள். தரம், சுற்றுச்சூழல் போன்றவற்றோடு பாதுகாப்பையும் சேர்த்து 'அடிப்படை', 'கூடுதல் மதிப்பு', 'உலகத் தரம்' என 3 நிலைகளில் நிறுவனங்களை எடை போட்டார்கள். பக்கத்து சைட் நம்மை முந்துதுன்னு தெரிஞ்சா, சும்மா இருப்பாங்களா?

புதுமைன்னா என்ன?

விருதுக்கு ஏற்ற புதுமை என்றால் பெரிய கண்டுபிடிப்பாக இருக்கணும்னு இல்லை. இரண்டு உதாரணங்கள்:

* துளை போடும் இயந்திரம்: சுரங்கச் சுவரில் கம்பிகளையும் கருவிகளையும் மாட்ட ஆயிரக்கணக்கில் துளை போடணும். கையில் டிரில் பிடித்தே செய்தால், அந்த அதிர்வு விரல் நரம்புகளை நிரந்தரமாகப் பாதிக்கும். இந்த வேலைக்கு தானியங்கி துளையிடும் இயந்திரத்தை இறக்கினார்கள்.

* லாரி கண்ணாடி: டிரைவர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் சைக்கிளில் வருபவர்கள் அடிபடுவது லண்டனில் பெரிய பிரச்சினை. அதனால் சைட்டுக்கு வரும் கனரக லாரிகளில் சிறப்பு லென்ஸ், பக்கவாட்டுத் தடுப்பு போன்றவை கட்டாயம். டிரைவர்களுக்கும் தனிப் பயிற்சி.

அப்படியும் உயிர் போனது ஏன்?

2014 மார்ச்சில், ஹோல்பர்ன் பகுதியில் சுரங்கத்துக்குள் ஈரமான கான்கிரீட் மேலிருந்து விழுந்ததில் ஒரு தொழிலாளி இறந்தார். 2015 ஜனவரியில் மேலும் இருவர் வெவ்வேறு விபத்துகளில் காயமடைந்தனர்.

அந்த வேலையைச் செய்த பாம், ஃபெரோவியல், கீயர் நிறுவனங்களின் கூட்டமைப்பு குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2017-ல் 10.65 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அப்போதைய மதிப்பில் சுமார் 9 கோடி ரூபாய்.

வழக்கில் வெளிவந்த முக்கியக் குறை என்ன தெரியுமா? புதிதாக கான்கிரீட் அடித்த இடத்துக்குக் கீழே யாரும் போகக்கூடாது. அந்தத் தடைப் பகுதியை ஒழுங்காகப் பராமரிக்கவில்லை. இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஒரு தடுப்பும், அதைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆளும் போதும்.

அப்போ விருதால் என்ன பயன்?

பயன் இருக்கு. ஆனால், சரியான கேள்விகளைக் கேட்டால்தான்:

* மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எத்தனை முறை தாங்களாகவே சொன்னார்கள்? எவ்வளவு சீக்கிரம் சரி செய்தார்கள்?
* 'இது ஆபத்து' என்று ஒரு சாதாரண தொழிலாளி வேலையை நிறுத்த முடியுமா?
* ஒரு சைட்டில் கண்டுபிடித்த நல்ல வழி அடுத்த சைட்டுக்கும் போனதா?
* சப்-கான்ட்ராக்டரின் ஆட்களுக்கும் அதே பாதுகாப்பு கிடைத்ததா?

கேடயம் ஆபீஸ் அலமாரியில் இருக்கும். கான்கிரீட்டுக்குக் கீழே நிற்பது தொழிலாளி. அதனால், மார்க் போடுபவர்கள் பேப்பரை மட்டும் பார்க்காமல் சுரங்கத்துக்குள்ளும் இறங்கிப் பார்க்கணும்.