மாயக் குழந்தைகளின் உயரக் குறைவு

வகுப்பில் உயரங் குறைந்த மாணவனைக் கண்டால், “பெற்றோர் வாகு அப்படி” என்று கூறி அமைதியடைவது ஆசிரியராகிய நமக்கு எளிது. அக்கூற்று எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதை நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டு மாயரின் வரலாறு காட்டுகிறது.

மாயர் பழம்பெரும் நாகரிகம் கண்டவர். வானநூலிலும் கணிதத்திலும் வல்லவர். சுழியத்தை அறிந்து பயன்படுத்தியவர். அவர் வழிவந்தோருள் பலர் இன்று மலைநாட்டுச் சிற்றூர்களில் வறுமையுற்று வாழ்கின்றனர். 2014-15ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, குவாத்தமாலாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 46.5 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். மாயரிடையே இக்குறை இன்னும் மிகுதி.

இது குருதியின் குறையா? அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறிய மாயரின் பிள்ளைகளைப் பாரி போகின் என்னும் மானிடவியலறிஞரும் அவர் குழுவினரும் அளந்து பார்த்தனர். குவாத்தமாலாவில் வளர்ந்த மாயப் பிள்ளைகளைவிட இவர்கள் சராசரியாக 10 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தனர். குருதி மாறவில்லை, உணவும் நீரும் மருத்துவமும் மாறின.

உணவு முறையின் குறையா? அதுவும் அன்று. மாயர் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பர். அதனால் சோளத்திலுள்ள நயாசின் என்னும் உயிர்ச்சத்து உடலிற் சேர்கிறது. அவரை விதையும் உடன் சேர்ந்தால் சோளத்தின் புரதக் குறை நீங்கும். முன்னோர் அறிவில் குறையில்லை. விளைவிக்க நிலந்தான் இல்லை.

அந்நிலம் எங்கே போயிற்று? 1871இல் ஆட்சி மாறியபின் காப்பிப் பயிர் பெருகிற்று. ஊர்ப் பொதுநிலங்கள் பல தனியார் கைக்கு மாறின. 1877ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டங்களுக்கு மலைநாட்டிலிருந்து கூலியாட்களைத் திரட்டி அனுப்ப வழிவகுத்தது. முன்பணம் கடனாயிற்று, கடன் தளையாயிற்று. 1934இல் கடன்முறை ஒழிந்தது. ஆயினும் நிலமற்றோரும் சிறுநிலமுடையோரும் ஆண்டுதோறும் 100 நாளுக்குக் குறையாமல் கூலிவேலை செய்யவேண்டுமென மற்றொரு சட்டம் வந்தது. 1944ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னரே அது நீங்கிற்று. 1952இல் பிறந்த நிலச் சீர்திருத்தமும், 1954இல் ஆர்பென்சு ஆட்சி கவிழ்க்கப்பட்டபோது வீழ்ந்தது.

இவ்வுண்மையை மருத்துவர் ஒருவர் நேரில் உணர்ந்தார். 1962இல் சிமால்தெனாங்கோ என்னும் ஊரில் மருத்துவப் பணி தொடங்கிய கரோல் பெர்கோர்சுத்து, தாம் குணப்படுத்திய குழந்தைகள் மீண்டும் மீண்டும் நோயுற்று வரக் கண்டார். கக்சிக்கெல் மொழி பேசும் ஊராரையே நலப்பணியாளராகப் பயிற்றினார். மருந்துக்கு முன் நிலமும் நீதியும் வேண்டுமெனக் கருதி, உழவர் நிலம் வாங்கக் கடனுதவியும் ஏற்பாடு செய்தார். ஆனால், 1960 முதல் 1996 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போர் மாயரையே பெரிதும் அழித்தது; நலப்பணியாளர் பலரும் அதில் உயிரிழந்தனர்.

சத்துமாவும் மருந்தும் இன்றியமையாதன. அவற்றைக் குறைத்துக் கூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும், மாயக் குழந்தையின் உயரத்தைக் குறைத்தது மரபன்று. அதன் பாட்டன் காலத்தில் பறிபோன நிலமே. அடுத்த முறை உயரங் குறைந்த ஒரு மாணவனைக் காணும்போது, வாகு என்று விட்டுவிடாமல், காலையில் என்ன உண்டான் என்று நாம் கேட்டறிவோமாக.