சோலையும் புல்வெளியும்

நீலகிரியின் முக்கூர்த்தி மேட்டில் நின்றால் இரண்டு வாழிடங்கள் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். மலை மடிப்புகளில், ஓடையை ஒட்டிச் சோலைக்காடு கருத்துத் திரண்டிருக்கும். அது முடியும் இடத்திலேயே புல்வெளி தொடங்கிச் சரிவெங்கும் பரவும். மழையும் உயரமும் இரண்டுக்கும் பொது. ஆனாலும் ஒன்றில் வாழும் உயிர் மற்றதில் பெரும்பாலும் குடியேறுவதில்லை.

எந்த உயிருக்கும் இரை, நீர், ஒதுங்கிடம், குட்டியை வளர்க்க இடம் வேண்டும். கருமந்திக்கு இவற்றில் பெரும்பகுதியை மரமே தந்துவிடுகிறது. தளிரும் காயும் கிளையில். தப்பியோடும் பாதையும் கிளைதான். வரையாட்டுக்கோ மரக்கூட்டம் கண்ணை மறைக்கும் இடையூறு. அது மேய்வது புல். அதற்குக் காவல் திறந்தவெளியில் தொலைவரை எட்டும் பார்வை. செந்நாயோ சிறுத்தையோ வருவது தெரிந்ததும் செங்குத்துப் பாறைக்குத் தாவிவிடும். புல்லும் பாறையும் அருகருகே இல்லாத இடத்தில் அதனால் வாழ முடியாது. பறவைகளிலும் இதே கதைதான்: நீலகிரிக் காட்டுப்புறா சோலைப் பழங்களைத் தின்று விதைகளைப் பரப்புகிறது, நீலகிரி நெட்டைக்காலி தரையில், புல் மறைவில் கூடு கட்டுகிறது.

சோலை ஏன் புல்வெளிக்குள் பரவவில்லை? குளிர்கால இரவுகளில் திறந்தவெளியில் உறைபனி படியும். சோலை மர நாற்றுகள் அதில் கருகிவிடும். சோலைக்குள் இலைக்கூரை வெப்பத்தைப் பிடித்துவைப்பதால் அங்கே அவை பிழைக்கின்றன. புல்லின் வளர்முனை மண்ணை ஒட்டியே இருக்கிறது; மேலே கருகினாலும் கீழிருந்து துளிர்க்கும். காட்டுத்தீக்குப் பின்னும் அப்படியே.

மரத்தை வெட்டியதால் வந்த பொட்டல் என்று இந்தப் புல்வெளியை நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது தவறு. நீலகிரிச் சதுப்பு நிலத்தின் மண்ணடுக்குகளில் கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து ஆர். சுகுமார் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்ததைக் காட்டியது. ஆயினும் ஆங்கிலேயர் காலத்தில் புல்வெளி தரிசாகவே கணக்கிடப்பட்டது. விறகுக்காகத் தைலமரமும், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும் வந்தன. விடுதலைக்குப் பிறகும் நடவு தொடர்ந்தது. சோலைக்குக் கிடைத்த மரியாதையில் பாதிகூடப் புல்வெளிக்குக் கிடைக்கவில்லை. மரம் நட்டாலே காடு வளர்த்ததாகக் கருதும் நம் பழக்கத்தால் வரையாடும் நெட்டைக்காலியும் வீடிழந்தன. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும் இடம் குறுகியது.

இப்போது சீகையை அகற்றும் பணி நடக்கிறது. அதிலும் இரண்டு வாழிடங்களின் கணக்கும் வேறு. சீகையின் நிழல் உறைபனியைத் தடுப்பதால் பழைய தோப்புகள் சிலவற்றின் அடியில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து நிற்கின்றன. பழநிமலையில் இதைப் பார்க்கலாம். அங்கே எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் கன்றுகளுக்கும் கேடு. புல்வெளியில் அந்த நிழல்தான் நஞ்சு. அங்கே சீகை புதிதாகத் தலைகாட்டும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். வெட்டிய இடத்தில் மண்ணுக்குள் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும் என்பதால், ஒருமுறை பிடுங்கிய சரிவுக்கும் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது.