கோமகன் வெறுத்த கொடி

பிரான்சு நாட்டின் கிழக்கே பர்கண்டி என்னும் நிலப்பகுதி உள்ளது. அதன் சுண்ணாம்புக்கல் சரிவுகளில் விளையும் பினோ நுவார் என்ற கருந்திராட்சை செம்மதுவுக்குப் புகழ் பெற்றது. மது நமக்கு வேண்டுவதன்று. ஆயினும் அக்கொடியின் வரலாறு மாணவர்கள் அறியத்தக்கதே.

பைன் மரத்தின் காய்போல் பழங்கள் நெருங்கிச் செறிந்த சிறு கொத்தாதலின் பினோ என்று பெயர் வந்தது என்பர்; நுவார் என்றால் கறுப்பு. அதன் தோல் மிக மெல்லியது. மழை பெய்தால் பழங்களின் நெருக்கத்தில் ஈரம் தங்கி அழுகல் பற்றும். இளவேனிலில் முந்தித் துளிர்ப்பதால் எதிர்பாரா உறைபனியில் தளிர் கருகும். வெயில் மிகுந்தால் நறுமணம் குன்றும். நிறையக் காய்க்க விட்டாலோ சாறு சுவையற்று நீர்த்துவிடும். இத்துணை செல்லம் கொண்டாடும் பயிரை உழவன் ஏன் விரும்ப வேண்டும்?

சிஸ்டர்சியத் துறவிகள் விரும்பியதில் வியப்பில்லை. 1098-இல் சீத்தோ என்னுமிடத்தில் மடம் நிறுவிய அவர்கள், வூழோ என்ற ஊரில் ஏறத்தாழ 125 ஏக்கர்த் தோட்டத்தைக் கல்மதிலால் வளைத்துத் திராட்சை வளர்த்தனர். அவர்களுக்குப் பொறுமையும் இருந்தது, காலமும் இருந்தது. குடியானவனுக்கு இரண்டும் இல்லை. 1348-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப்பின் வேலையாட்கள் அருகினர். அந்நிலையில் முன்னதாகப் பழுத்து, மிகுதியாகவும் காய்க்கும் கமே என்னும் கொடி அவன் கண்ணுக்கு வரமாகவே தோன்றியிருக்கும்.

பர்கண்டியின் கோமகனான துணிவுடைய பிலிப் அவ்வாறு எண்ணவில்லை. தன் நாட்டு மதுவின் நற்பெயர் கெடுகின்றது என்று சினந்து, 1395-இல் கமேயை நம்பத்தகாத தீய கொடியெனப் பழித்து, வேரோடு களையுமாறு ஆணையிட்டான். திராட்சைத் தோட்டங்களில் எருவிடுவதையும் தடுத்தான். தரத்தைக் காக்க நினைத்தது தவறன்று. ஆனால் வயிற்றுக்கு வழி கேட்டவனுக்கு ஆணை என்ன விடை சொல்லிற்று? அவன் பேரன் நல்ல பிலிப் பிற்காலத்தில் மீண்டும் தடைவிதித்தான். ஒரே தடை இருமுறை பிறந்ததென்றால், முதல் தடை முழுதும் பலிக்கவில்லை என்பதே பொருள். கமே தெற்கே போழொலே மலைச்சாரலின் கருங்கல் மண்ணில் வேரூன்றித் தழைத்தது.

1999-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தாரும் பிரெஞ்சு அறிஞர்களும் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது வியத்தகு செய்தி வெளிப்பட்டது. கோமகன் போற்றிய பினோவே கமேயைப் பெற்றோரில் ஒன்று! மற்றொன்று குவே பிளான் என்னும் ஏழைகளின் வெண்திராட்சை. அவ்விரண்டின் கலப்பில் பிறந்த இன்னொரு பிள்ளைதான் ஷார்டொனே. பர்கண்டியின் பெயர்பெற்ற வெண்மது இன்று அதிலிருந்துதான் உண்டாகின்றது.