ஒரு ஸ்கிரீன், 401 கேள்வி: ஓ.ஆர்.எம். வந்த கதை

ஜாங்கோ, ரெயில்ஸ், ஹைபர்நேட்னு எதுல வேலை பார்த்தாலும், டேட்டாபேஸ்கிட்ட பெரும்பாலும் நாம நேரா பேசறதில்லை. நடுவுல ஓ.ஆர்.எம். உட்கார்ந்து பேசுது. அது ஏன் வந்ததுன்னு தெரிஞ்சா, எங்க காலை வாரும்னும் புரியும்.

கதை ரெண்டு இடத்துல தொடங்குது. 1960-கள்ல நார்வேயில உருவான சிமுலா மொழியிலிருந்து ஆப்ஜெக்ட், கிளாஸ் எல்லாம் வந்துச்சு. 1970-ல ஐ.பி.எம்.மைச் சேர்ந்த எட்கர் காட் ரிலேஷனல் மாடல் பத்தின கட்டுரையை வெளியிட்டார். முதலாவதுல ஒரு பொருள் இன்னொண்ணைக் கையில பிடிச்சிருக்கும். ரெண்டாவதுல எல்லாமே டேபிள்தான். இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தமா இருக்கணும்னு யாரும் செய்யலை. நடுவுல இருக்கிற மொழிபெயர்ப்புக் கோடை புரோகிராமர்கள் கையால எழுதி அலுத்துப்போனாங்க. 2001-ல கேவின் கிங் ஹைபர்நேட்டை ஆரம்பிச்சார். 2004-ல ரெயில்ஸ், 2005-ல ஜாங்கோ.

இதுங்க எல்லாத்துலயும் இருக்கிற ஒரு தந்திரம் லேசி லோடிங். கேட்டா மட்டும் எடுத்துட்டு வரும். நல்ல யோசனைதான். ஒரு லாரியைக் கேட்டதுக்குப் பாதி டேட்டாபேஸையே தூக்கிட்டு வரக்கூடாதே!

இப்போ கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சிப்காட் பக்கம் ஸ்கிராப் உருக்குற ஒரு கம்பெனி, பேர் வேண்டாம். வே பிரிட்ஜ் ஸ்கிரீன்ல அன்னைக்கு வந்த 200 லாரியோட பட்டியல். லிஸ்டுக்கு ஒரு குவெரி, ஒவ்வொரு லாரிக்கும் சப்ளையர் பேர் எடுக்க ஒண்ணு, சரக்கு வகைக்கு இன்னொண்ணு. மொத்தம் 401. ஒரே சப்ளையர் பத்து தடவை வந்தாலும் ஜாங்கோ பத்து தடவையும் கேட்கும். சர்வர் ஆபீஸுக்குள்ள இருந்தவரைக்கும் இது யாருக்கும் உறைக்கலை. மும்பை கிளவுடுக்கு மாத்தினாங்க. ஒரு குவெரி போய்வர 25 மில்லிசெகண்ட்னா, 401-க்கு பத்து செகண்ட். ஒவ்வொரு எடைக்கும் அந்த ஸ்கிரீன் திரும்ப லோட் ஆகணும். கேட்ல லாரி வரிசை, டிரைவர்களோட திட்டெல்லாம் வே பிரிட்ஜ் அண்ணாவுக்கு. அவர் என்ன பண்ணுவார் பாவம்.

இது புது நோய் இல்லை. மார்ட்டின் ஃபவுலர் 2002-லயே தன் புத்தகத்துல இதுக்கு ரிப்பிள் லோடிங்னு பேர் வச்சுட்டார். 2006-ல டெட் நியூவர்ட் ஒரு படி மேல போய், ஓ.ஆர்.எம்.மை வியட்நாம் போரோட ஒப்பிட்டார்: உள்ள போறது சுலபம், வெளிய வர்றது கஷ்டம். எனக்கு அது கொஞ்சம் ஓவராத்தான் படுது. ஒரு லாரியைச் சேமிக்கிற வேலைக்கு ஓ.ஆர்.எம். பிரமாதம். மாசக் கடைசி ரிப்போர்ட்டுக்கு மட்டும் தயங்காம எஸ்.க்யூ.எல். எழுதுங்க.

கும்மிடிப்பூண்டியில மருந்து ஒரே வரி. செலக்ட் ரிலேட்டட் போட்டதும் 401 ஒண்ணாச்சு. ஆனா எஸ்.க்யூ.எல். லாகைத் திறந்து பார்த்த பிறகுதான் எங்க போடணும்னே தெரிஞ்சது. கூடவே, அந்தப் பக்கத்துக்குக் குவெரி எண்ணிக்கையைச் சரிபார்க்கிற ஒரு டெஸ்டும் சேர்த்தாச்சு. பின்னாடி யாரோ டிரான்ஸ்போர்ட்டர் பேருக்கு ஒரு காலம் சேர்த்தப்போ, கேட்ல லாரி நிக்கறதுக்கு முன்னாடியே அந்த டெஸ்ட் ஃபெயில் ஆச்சு.