300 என்று எழுதியிருந்த சில்லு

என் மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். தீபாவளிக்கு முன்னாடி அவனுக்காக ஒரு கணினியை உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்துக் கட்டினோம். ப்ராசஸர் இன்டெல் கோர் ஐ5-14600கே. கட்டி முடித்த மூன்றாம் நாளே கேள்வி வந்துவிட்டது.

"அப்பா, இதுல கடைசியில கே இருக்கு. கே இருந்தா ஓவர்க்ளாக் பண்ணலாம். கேம்ல ஃப்ரேம் ஏறும். பண்ணாம வச்சிருந்தா அந்த கே-வுக்குக் குடுத்த காசு வேஸ்ட்தானே?"

நியாயமான கேள்வி. "வேண்டாம்டா"ன்னு சட்டென்று சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்று கேட்டான், சொல்லத் தெரியவில்லை. என்னுடைய "வேண்டாம்" 2000-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் இருந்து வருவது. அவன் கணினியில் இருப்பதோ 2023 அக்டோபரில் வெளிவந்த சில்லு. இடையில் என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்று ஒரு வாரம் ராத்திரியில் உட்கார்ந்து படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். ப்ராசஸருக்குள் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் சிக்னல் ஓரிடத்தில் கிளம்பி, நடுவில் இருக்கும் கணக்குச் சுற்றுகளைத் தாண்டி, அடுத்த இடத்தில் போய் நிலைத்து நிற்க வேண்டும். நிலைப்பதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் தப்பான விடை பதிவாகிவிடும். டவுன் பஸ்ஸில் கடைசி ஆள் படியில் கால் வைப்பதற்குள் கண்டக்டர் விசில் அடிப்பது மாதிரி. இதைத் தவிர்க்கத்தான் சில்லு செய்பவர்கள் வெயில், குறைந்த மின்னழுத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொஞ்சம் இடம் விட்டு ஒரு வேகத்தை மேலே அச்சடிக்கிறார்கள். அச்சடித்த வேகத்துக்கும் அது உண்மையில் ஓடக்கூடிய வேகத்துக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியைத் தன் கையில் எடுத்துக்கொள்வதுதான் ஓவர்க்ளாக்.

இது புதுசு ஒன்றும் இல்லை. 1984-இல் ஐபிஎம் ஏ.டி. கணினியை 6 மெகாஹெர்ட்ஸில் விட்டது. உள்ளே 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். 80286 ப்ராசஸர் அதைப் பாதியாக்கிக்கொள்ளும். அந்தக் கிரிஸ்டலை ஈயம் வைத்துப் பற்றாமல் ஒரு சாக்கெட்டில் செருகி வைத்திருந்தார்கள். விடுவார்களா? அதைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைச் செருகினால் 8 மெகாஹெர்ட்ஸ். சில டாலர் செலவில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடிவிட்டது. ஐபிஎம் பிறகு தன் பயாஸில் வேகத்தைச் சோதித்துப் பார்த்து மறுக்கும் ஒரு பூட்டைப் போட்டது. 1986-இல் அதே 8 மெகாஹெர்ட்ஸ் ஏ.டி.யை அதுவே விற்கவும் செய்தது. பின்னால் நடக்கப்போகிற முழு நாடகத்துக்கும் இது ஒத்திகை மாதிரி.

நாடகத்தின் பெரிய காட்சி 1998. அந்த ஏப்ரலில் இன்டெல் மலிவுக் கணினிகளுக்காக செலரான் என்ற பெயரில் ஒன்றை விட்டது. விலையைக் குறைக்க இரண்டாம் நிலை கேஷ் நினைவகத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். ஆபீஸ் வேலைக்குச் சொதப்பல். திட்டு தாங்காமல் ஆகஸ்ட் 24-ஆம் தேதி செலரான் 300ஏ வந்தது. இதில் 128 கிலோபைட் கேஷ், அதுவும் ப்ராசஸர் சில்லின் உள்ளேயே, ப்ராசஸரின் முழு வேகத்தில் ஓடுவது. அதே நாளில் வெளிவந்த பென்டியம் 2 450-இல் 512 கிலோபைட் இருந்தது. ஆனால் அது தனிச் சில்லுகளில், பாதி வேகத்தில்தான் ஓடும். அறிமுக விலை: செலரான் 149 டாலர், பென்டியம் 669 டாலர்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 300ஏ-வின் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை நாலரை மடங்கு ஆக்கியது. அந்த நாலரையை இன்டெல் பூட்டிவிட்டது. காரணமும் இருந்தது. குறைந்த வேகச் சில்லின் மேல் எழுத்தை அழித்து அதிக எண் அச்சடித்து விற்கிற மோசடி அப்போது உலகம் முழுக்க நடந்துகொண்டிருந்தது. ஆனால் அடிப்படைத் துடிப்பு மதர்போர்டின் கையில் இருந்தது. அந்த வருஷம் வந்திருந்த 440பிஎக்ஸ் சிப்செட்டில் 100 மெகாஹெர்ட்ஸ் அதிகாரப்பூர்வமாகவே உண்டு. நூறை நாலரையால் பெருக்கினால் 450. பெரும்பாலான 300ஏ சில்லுகள் மறு பேச்சில்லாமல் அந்த 450-இல் ஓடின. தைவானின் ஏபிட் கம்பெனி பிஎச்6 போர்டில் ஜம்பரே இல்லாமல் பயாஸ் திரையிலேயே வேகத்தையும் மின்னழுத்தத்தையும் மாற்ற விட்டது. அந்த வசதி இல்லாத போர்டுக்காரர்கள் ப்ராசஸர் அட்டையில் பி21 என்ற ஒரே ஒரு காலை நெயில் பாலிஷ் தடவி மறைத்தார்கள். சிக்னல் போகாததால் போர்டு "இது நூறு மெகாஹெர்ட்ஸ் ஆள் போல"ன்னு ஏமாந்துவிடும். விளையாட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். க்வேக் 2 மாதிரி ஆட்டங்களில் 149 டாலர் சில்லு 669 டாலர் சில்லோடு தோளோடு தோள் நின்றது.

ஏன் இவ்வளவு இடைவெளி விட்டார்கள்? சில்லு மோசமாக இருந்து 300 என்று எழுதவில்லை. மலிவுச் சில்லு தேவைப்பட்டது, அதனால் 300 என்று எழுதினார்கள். அந்த எண்ணைத் தொழிற்சாலையைவிட விற்பனைப் பிரிவுதான் முடிவு செய்தது என்பது என் ஊகம்.

இனி என் கதை. 1999 தொடக்கத்தில் ஹாஸ்டல் அறையில் நாங்கள் மூன்று பேர் காசு போட்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு 300ஏ வாங்கினோம். கடைக்காரர், "450 ஓடும் தம்பி, ஆனா அதுக்கு நான் கேரண்டி இல்ல" என்றார். அறைக்கு வந்ததும் முதல் வேலையாக 100-இல் வைத்தோம். விண்டோஸ் வரும், நீலத்திரை காட்டும். எங்கள் போர்டில் மின்னழுத்தம் ஏற்ற வழி இல்லை. ஊரெல்லாம் 450 ஓட்டும்போது நமக்கு மட்டும் இப்படியா என்று வெறுத்துப்போய் 83-இல் வைத்தோம். சுமார் 375 மெகாஹெர்ட்ஸ். பாறை மாதிரி நின்றது. ராத்திரி முழுக்க ஆடினோம், ஒரு தடவைகூட விழவில்லை.

எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்தப் போர்டுகளில் எல்லாத் துடிப்பும் ஒரே ஊற்றில் இருந்து வருபவை. ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர் உட்கார்ந்திருக்கும் பி.சி.ஐ. தடம் 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது. 66-இல் வைத்தால் அதில் பாதி, 100-இல் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு, இரண்டுமே 33. எங்கள் போர்டில் 83-இலும் பாதிதான் எடுத்தது. அப்படியானால் 41.5. ப்ராசஸருக்கு ஒன்றும் ஆகவில்லை. டிஸ்க்கில் எழுதும்போது எப்போதாவது ஒரு பைட் மாறிப் போய்க்கொண்டிருந்தது. ஸிப் கோப்பு திறக்காது, ஸ்கேன்டிஸ்க் எதையாவது சரிசெய்தேன் என்று சொல்லும். விண்டோஸ் 98-ஐத் திட்டிவிட்டு மேலே போய்க்கொண்டே இருந்தோம். ஒரு வருஷத்துக்கு மேல்.

2000 மார்ச். இறுதியாண்டு ப்ராஜெக்ட். அப்போதுதான் அறிவித்திருந்த டாம், டாப் குறியீடுகளுக்கும் பழைய எழுத்துருக்களுக்கும் இடையே தமிழ் உரையை மாற்றித் தரும் நிரல், சி++-இல். ஒரு நாள் காலையில் அந்த ஃபோல்டரே திறக்கவில்லை. ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருந்தோமே என்று நிம்மதியாகப் போட்டால், அதில் இருந்ததும் டிஸ்க்கில் கெட்டபிறகு எடுத்த பிரதி. வைவாவுக்கு மூன்று வாரம். கைடுக்குக் காட்ட டாட் மேட்ரிக்ஸில் அடித்து வைத்திருந்த நாற்பது பக்கத்தை வைத்துக்கொண்டு மூன்று பேரும் மாற்றி மாற்றித் தட்டச்சு செய்தோம். காசு போட்டவர்களில் ஒருவன் எங்கள் ப்ராஜெக்ட்டிலேயே இல்லை, அவனும் உட்கார்ந்து அடித்தான். முடித்துவிட்டோம், மதிப்பெண்ணும் வந்தது. காரணம் 83 மெகாஹெர்ட்ஸ் என்று புரிய எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது.

சரி, நாங்கள் மாணவர்கள், அவசரக்குடுக்கைகள். கம்பெனியே அவசரப்பட்டால்? 2000 மார்ச் 6-ஆம் தேதி ஏ.எம்.டி. ஒரு கிகாஹெர்ட்ஸ் அத்லானை அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெல்லும் அறிவித்தது. ஜூலை கடைசியில் இன்டெல் இன்னும் ஒரு படி தாவி 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ விட்டது. தாமஸ் பாப்ஸ்ட் என்ற விமர்சகருக்கு வந்த சில்லில் லினக்ஸ் கர்னலைக் கம்பைல் செய்து முடிக்கவே முடியவில்லை. வேறு சில விமர்சகர்களும் அதையே கண்டார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் இன்டெல் அந்தச் சில்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதை ஓவர்க்ளாக் என்று யாரும் எழுதவில்லை, தொழிற்சாலையில் அச்சடித்த எண் ஆயிற்றே. நான் அப்படித்தான் சொல்வேன்.

அதன்பிறகு இடைவெளி சுருங்க ஆரம்பித்தது. சில்லு தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். இரண்டையும் பத்து சதவீதம் ஏற்றினால் மின்சாரம் 33 சதவீதம் ஏறிவிடும். 2004-இல் இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐக் கைவிட்டது இந்தச் சூட்டுச் சுவரில் முட்டித்தான். 2008-இல் நெஹாலமோடு டர்போ பூஸ்ட் வந்தது. சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் சில்லு தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். அதாவது, நாம் செய்துகொண்டிருந்ததை அது செய்ய ஆரம்பித்தது.

2011 ஜனவரியில் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது எல்லாத் துடிப்பையும் ஒரே ஊற்றில் கட்டிவிட்டார்கள். அடிப்படையைச் சில சதவீதத்துக்கு மேல் அசைத்தால் மற்றதெல்லாம் தடுமாறும். (எங்கள் 41.5 ஞாபகம் வந்தது.) வேகத்தை ஏற்ற வேண்டுமா? பெருக்கெண் பூட்டைத் திறந்துவிட்ட கே மாடலைக் கூடுதல் காசு கொடுத்து வாங்கு. நெயில் பாலிஷில் கிடைத்தது விலைப்பட்டியலுக்குள் வந்துவிட்டது. ஆனால் அப்போதும் கொடுத்த காசுக்குச் சரக்கு இருந்தது. 3.3 என்று எழுதியிருந்த 2500கே-யை நல்ல விசிறி வைத்து 4.5 வரை சாதாரணமாக ஓட்டினார்கள்.

மகனுடைய 14600கே? அடிப்படை 3.5, டர்போவில் 5.3. பெட்டியில் இருந்து எடுத்து மாட்டியவுடனே 5.3 போகிறது. அதற்கு மேல் பாடுபட்டால் இருநூறு, முந்நூறு மெகாஹெர்ட்ஸ், ஐந்து சதவீதம் கிடைக்கலாம். 300ஏ-வில் கிடைத்தது ஐம்பது சதவீதம்.

இந்தத் தலைமுறைக்கே ஒரு வில்லங்கம் உண்டு. 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சில்லுகளில் ஆட்டங்கள் பாதியில் விழுகின்றன என்று 2024-இல் பெரிய புகார் கிளம்பியது. கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று சம்பந்தமில்லாத பிழை வேறு காட்டும். கடைசியில் இன்டெல் ஒப்புக்கொண்டது: சில நேரங்களில் மின்னழுத்தம் தேவைக்கு மேல் போயிருக்கிறது. அதில் மூப்படைந்து தளர்வது எது தெரியுமா? கோருக்குள் கடிகாரத் துடிப்பைக் கொண்டு செல்லும் சுற்று. மைக்ரோகோடு திருத்தங்கள் வந்தன, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டித்தார்கள். நீட்டித்த பட்டியலில் 14600கே-யும் இருக்கிறது.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். பி21 கதையை ரசித்தான், மற்றதற்குக் கொட்டாவி. "அளந்து பாத்துடலாம்பா" என்றான். அதுவும் சரிதான். அவன் அதிகம் ஆடும் ஆட்டத்தை ஓட்டி, பக்கத்தில் மீட்டரை வைத்துப் பார்த்தோம். கிராபிக்ஸ் கார்டு 98 சதவீதத்தில் திணறிக்கொண்டிருக்க, ப்ராசஸர் பாதிகூட வேலை செய்யவில்லை. இங்கே ப்ராசஸரை ஏற்றி ஒரு ஃப்ரேம்கூட வராது. ப்ராசஸரை நம்பி ஓடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஒன்றும் வைத்திருக்கிறான். அதில் ஏற்கெனவே 300 ஃப்ரேமுக்கு மேல் வருகிறது, மானிட்டர் காட்டுவது 144.

ஆக, பயாஸைப் புதிய மைக்ரோகோடு உள்ள பதிப்புக்கு மாற்றினோம், வேகத்தைத் தொடவில்லை. "அப்ப கே-வுக்குக் குடுத்த காசு?" என்று மறுபடி கேட்டான். அதில் பெரும்பகுதியைத் தொழிற்சாலையே 5.3-க்குச் செலவழித்துவிட்டது, மீதி வேஸ்ட்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பழைய 300ஏ இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. எடுத்துக் காட்டினேன். ஒரு கேசட் அளவுக்கு இருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இது 450 ஓடியிருக்குமா, இல்ல உங்க போர்டுதான் சரியில்லையா?" என்றான். இருபத்தைந்து வருஷமாக எனக்கும் அதே சந்தேகம். மின்னழுத்தம் ஏற்ற வசதி உள்ள பிஎக்ஸ் போர்டு யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள்.